சேர்க்கைப் படிவத்தில் நான் எழுதிய நிறம்

தியமந்தினா,
மே 6, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கிராசியேலாவுக்கு அம்மா எழுதுவது.

கடவுள் கிருபையால் இங்கே நானும் உன் மாமா நிவால்தோவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ நலமா என்று இந்த முறை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று மட்டும் கேட்கிறேன். போர்ட்டோ அலெக்ரேயில் குளிர் தொடங்கியிருக்கும், போன வாரம் அனுப்பிய அப்பாவின் கம்பளிச் சட்டை கை நீளமாக இருந்தால் மடித்துவிட்டுக்கொள், வெட்டாதே. மாமாவின் முழங்கால் வலி குறையவில்லை, மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிட்டால்தானே குறையும். சமையலறைக் கூரையில் இரண்டு ஓடு மாற்றியாயிற்று, கொய்யா இந்த வருடம் அத்தனையும் புழு. எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

அந்தப் படம் நம் ஊருக்கும் வந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பக்கத்து வீட்டு சுல்மீரா தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஏழு வயதில் நீ, வெள்ளைச் சிறகும் இழுத்துச் சீவிய பொன்னிற முடியுமாக, மே மாத விழாவில் மாதாவுக்கு முடிசூட்டும் தேவதை வேடத்தில். அதற்குப் பக்கத்தில் உன் பள்ளிச் சேர்க்கைப் படிவம், நிறம் என்ற இடத்தில் வெள்ளை. மருத்துவக் கல்லூரியில் கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய பேராசிரியர் இடத்தைப் பிடித்த டாக்டரம்மா இவர்தான் என்று கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள். ‘என்ன எஃபிஜேனியாம்மா, உங்க பொண்ணு சின்னதுல வெள்ளைக்காரி, பெரிசானதும் கறுப்பியா? எங்களுக்கெல்லாம் வயசானா முடிதான் நிறம் மாறுது’ என்றாள் சுல்மீரா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு யார் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் நானும் சிரித்திருப்பேன், நன்றாகத்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை ஜுசாரா வந்தாள். என் தங்கை மகளாயிற்றே, உனக்காகப் பேசுவாள் என்று நினைத்துக் காப்பி போட்டு, பாலாடைக்கட்டி ரொட்டியும் சுட்டு வைத்தேன். அவள் உட்காரவே இல்லை. ‘அக்கா மேல எனக்குக் கோபமில்ல பெரியம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் கடைக்குள்ள போனா காவலாளி என் பின்னாடியே வர்றான். அக்கா பின்னாடி ஒரு நாளாவது வந்திருக்கானா? நீங்களும் அக்காவும் சேந்து போனாலும் உங்க பின்னாடி மட்டும்தானே வருவான்’ என்றாள். கிராசியேலா என் வயிற்றில் பிறந்தவள், என் அம்மா வைரச் சுரங்கத்து அடிமையின் பேத்தி, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டேன். ‘அது ரத்தம் பெரியம்மா. இந்த பிரேசில்ல எவனும் ரத்தத்தப் பாத்து அடிக்கறதில்ல, மூஞ்சியப் பாத்துத்தான் அடிக்கறான். அந்த இடம் அடி வாங்கின மூஞ்சிக்கு ஒதுக்கினது’ என்றாள். ரொட்டியைத் துணியில் கட்டிக் கொடுத்தேன், எடுத்துக்கொண்டு போனாள்.

உனக்கு இதுவரை சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நீ படித்த அதே கன்னியர் பள்ளியில்தான் நானும் படித்தேன், ஆறு வருடம் வகுப்பில் முதல், கையெழுத்துக்குப் பரிசு. ஒவ்வொரு மே மாதமும் தேவதைகளுக்குச் சிறகு தைத்துக் கொடுத்துவிட்டு நான் பின்வரிசையில் நின்று பாடுவேன். பத்து வயதில் ஒருமுறை கேட்டேன், அடுத்த வருடம் எனக்குச் சிறகு கிடைக்குமா என்று. கன்னியாஸ்திரி ஒருவர் என் கன்னத்தைத் தட்டி, ‘தேவதைங்க இந்த நிறத்துல இருக்க மாட்டாங்க கண்ணு’ என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதனால்தான் மறக்க முடியவில்லை. உன்னைச் சேர்க்கப் போன அன்று வாசலில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்தார், அப்பாவின் வெள்ளைத் தோலும் முடியுமாக நின்ற உன்னைப் பார்த்தார். ‘ஆயாம்மா, படிவத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, குழந்தையோட அம்மா எழுதிக் கொடுக்கட்டும்’ என்றார். நான் அவர் மேசையிலேயே, நின்றபடியே, அவருடைய பேனாவாலேயே எழுதினேன். தாய் என்ற இடத்தில் என் முழுப்பெயர். நிறம் என்ற இடத்தில் வெள்ளை. உன் அப்பா பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தொப்பி இல்லாமல் உன்னை முற்றத்தில்கூட விட்டதில்லை, ஞாயிறுதோறும் முடியை இழுத்து இழுத்து நேராக்கினேன், நீ அழுவாய்.

உன் வழக்கறிஞர் அனுப்பிய உறுதிமொழிப் பத்திரம் வந்தது. ‘படிப்பறிவு குறைந்த நான், அப்பகுதியின் பொருள் அறியாமல் வெள்ளை என்று எழுதிவிட்டேன்’ என்று இருந்தது, அதில் மட்டும் மூன்று எழுத்துப்பிழை. திருத்திவிட்டு அவரைக் கூப்பிட்டேன். ‘உங்களுக்குப் படிக்கத் தெரியும்னு எனக்குத் தெரியும்மா, உங்க பொண்ணோட நிறத்த விசாரிக்கற குழுவுல இருக்கறவங்களுக்குத் தெரியாதே. உங்க போட்டோவ மேல ஒட்டினா படிக்காதவங்கன்னு கேள்வியே கேக்காம நம்பிருவாங்க’ என்றார். எவ்வளவு இயல்பாகச் சொன்னார் தெரியுமா. தெரிந்தேதான் எழுதினேன் என்று எழுதித் தருகிறேன் என்றேன். ‘அப்படின்னா குடும்பமே அவங்கள வெள்ளையா வளத்துச்சுன்னு ஆயிரும், அதோட கதை முடிஞ்சுது’ என்றார். சரி, நானே வந்து என் மகளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். உறவினரை உள்ளே விடமாட்டார்களாம், நிறத்தை முடிவுசெய்யக் குடும்பப் படங்களையும் பார்க்க மாட்டார்களாம், விண்ணப்பித்தவரின் முகம் மட்டும்தானாம்.

போன மாதம் தொலைபேசியில் நீ அழுதுகொண்டே கேட்டாய், ‘நான் உங்க பொண்ணுன்னுதானே விண்ணப்பத்துல கறுப்புன்னு எழுதினேன், அது பொய்யாம்மா?’ என்று. பொய் இல்லை. ஆனால் ஜுசாரா கேட்டதும் பொய் இல்லை, இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து எனக்கு விடை கிடைக்கவில்லை. அதனால் பதிவு அலுவலகத்துக்கு இரண்டு பத்திரம் எடுத்துப் போனேன். ஒன்றில் அறியாமல் என்று இருக்கிறது, மற்றதில் தெரிந்தே என்று நானே எழுதியிருக்கிறேன். முத்திரை போடும் பெண் இரண்டையும் படித்துவிட்டு, ‘அம்மா, இதுல ஒண்ணுதானே நிஜமா இருக்க முடியும்?’ என்றாள். கையெழுத்து நிஜமா என்று பார், உன் வேலை அதுதான் என்றேன். இரண்டையும் இதனுடன் வைத்திருக்கிறேன். ஒன்றைக் கிழித்துப் போடு, எதைக் கொடுத்தாய் என்று எனக்கு எழுதாதே.

பத்தொன்பதாம் தேதி விசாரணைக்கு முன் வெயிலில் படுத்துத் தோலைக் கறுக்கவைக்காதே, முடியைச் சுருட்டிக்கொள்ளாதே, யார் சொன்னாலும் கேட்காதே, அது நம்மைப் போன்றவர்கள் செய்கிற காரியம் இல்லை. சாம்பல் நிறப் பாவாடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல். கொய்யாப்பழ இனிப்புக் கட்டி இந்த வருடம் இல்லை, காரணம் மேலே எழுதியிருக்கிறேன். மாதா உன் கூடவே இருக்கட்டும், நான் தினமும் ஜெபமாலை சொல்கிறேன், ஆனால் பலன் இருக்கும் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். எந்தப் பத்திரத்தைக் கொடுத்தாலும் அவர்கள் உன் முகத்தைத்தான் பார்க்கப்போகிறார்கள். அந்த முகத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

உன்னைப் பெற்றவள்,
எஃபிஜேனியா