தவக்காலத்தில் பேக்பைப்

ஆவடி, மாசி 20, வியாழன் இரவு.

பட்டாள முகாமுக்கு வந்திருக்கும் ஐரிஷ் பேண்டில் பேக்பைப் வாசிப்பவனுக்கு மலேரியா. சனிக்கிழமை கச்சேரிக்கு வேறு ஆள் பிடித்துத் தந்தால் எனக்கு உத்தியோக உயர்வு என்று துரை சொல்லியனுப்பினார். சொல்லவந்தவன் சேஷாத்ரி. என்னிடம் வேலை கற்று, இன்று எனக்கு மேலே உட்கார்ந்திருப்பவன்.

அலைந்து திரிந்து திருமுல்லைவாயிலில் அருளப்பனைக் கண்டுபிடித்தேன். முன்பு பட்டாளத்தில் பேக்பைப் ஊதியவன். இப்போது கல்யாண பேண்டு. வாத்தியம் பரண்மேல் கிடந்தது.

"தவக்காலம் சார். ஈஸ்டர் வரிக்கும் தொடமாட்டேன். இவ ஜொரத்துல கெடந்தப்போ மாதாவாண்ட நேர்ந்துகினேன்."

"ஐரிஷ்காரனும் உன் வேதம்தானே? அவன் தவக்காலத்தில் கச்சேரி வைக்கவில்லையா?"

"அவன் பொண்டாட்டி நல்லா கீறாளோ இன்னாவோ!"

பிழைத்தெழுந்த அவன் மனைவி மோர் கொண்டுவந்தாள். டம்ளரைப் பிடித்த கை இன்னும் நடுங்கியது. அதற்குமேல் அவனை எப்படி வற்புறுத்துவது? குடித்துவிட்டு ரயிலேறினேன்.

காலையில் சேஷாத்ரியிடம் நடந்ததைச் சொல்வேன். ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் அவன் துரையிடம் சொல்வான். நான் தேடவே இல்லை என்று துரை எடுத்துக்கொள்வார். மறுத்துச் சொல்ல நான் அந்த அறையில் இருக்க மாட்டேன்.