பனங்குற்றிகளை நீங்கள் எடுக்கவில்லை, மாமா

என் சேலைத் தலைப்பெல்லாம் தார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

கலவரம் வரும் என்ற கதை அடிபட, நாலு நாளைக்கு முன் உங்கள் பேரன் குசினிக்குப் பின்னால் இருந்த கறிவேப்பிலை மரத்தைத் தறித்துவிட்டு மண் வெட்டத் தொடங்கினான். இரண்டு முழம் போனதும் மண்வெட்டி எதிலோ இடித்தது. கையை விட்டுத் துழாவிவிட்டு, கறுத்த விரல்களோடு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, குற்றியெல்லாம் அப்பிடியே நிக்குது. அப்பப்பா மண்ணை மட்டும்தான் போட்டு மூடியிருக்கிறார்."

நான் குனிந்தேன். நீங்கள் துறைமுகத்தில் கப்பலடிக்குத் தார் பூசிவிட்டு வரும்போது உங்களுக்கு முன்னே வாசலேறும் அந்த மணம், இருபத்தைந்து வருடம் கழித்து மணலுக்குள்ளிருந்து எழும்பியது. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மூடியாயிற்று என்று சொல்லி என்னை நன்றாக ஏய்த்திருக்கிறீர்கள், மாமா.

மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் கல்யாணப் பெண்ணாக உப்புவெளிக்கு வந்த அன்றே அந்தக் குழியைக் காட்டினீர்கள். மற்ற வீடுகளில் மருமகளுக்குக் கிணற்றையும் அலுமாரியையும் காட்டுவார்கள். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு நீங்கள் வெட்டிய பதுங்குகுழி அது. மணல் சரியாமல் இரண்டு பக்கமும் தார் பூசிய பனங்குற்றிகள். சண்டை முடிந்தது, நாட்டுக்குச் சுதந்திரமும் கிடைத்தது, நீங்களோ மாரிக்கு மாரி அதிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணர் வேலிக்கு மேலால் தலையை நீட்டிச் சிரிப்பார்.

"வெள்ளைக்காரனும் கப்பலைக் கொண்டு போயிட்டான். இனி ஆர் ஐயா உங்களுக்குக் குண்டு போடப்போறான்?"

"கப்பல்தான் போனது. துறைமுகம் இஞ்சதானே கிடக்குது" என்பீர்கள்.

நானும் சிரித்தவள்தான். ஆனால் உங்களைப் போல ஒரு மாமன் எனக்கு வாய்த்ததை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிள்ளையைத் தூக்குவதற்கு முன் கைகளை மண்ணெண்ணெயால் தேய்த்து, சவர்க்காரம் போட்டு, மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டுத்தான் தூக்குவீர்கள். பாணின் கருகல் கரையை அவன் விரும்புகிறான் என்று பேக்கரிக்காரனிடம் கேட்டு வாங்கி வருவீர்கள்.

பிறகு அந்த மாரி. அவனுக்கு மூன்று வயது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், கொஞ்ச நேரமாகப் பிள்ளையின் சத்தத்தைக் காணவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், குழிக்குள் கழுத்தளவு தண்ணீரில் ஒரு குற்றியைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறான். அழக்கூட அவனுக்குச் சத்தம் வரவில்லை. அன்று பின்னேரம் நீங்கள் படலையைத் திறக்க முதலே நான் தொடங்கிவிட்டேன்.

"உங்கட பயத்துக்கு என்ர பிள்ளையைக் குடுக்க ஏலாது, மாமா. மூடுங்கோ. இல்லாட்டி நாளைக்கு நான் லோஞ்ச் ஏறிடுவன்."

அவனுடைய கறுத்த உள்ளங்கைகளைப் பிடித்துப் பார்த்தீர்கள். மறுநாள் வேலைக்குப் போகாமல் நீங்கள் ஒருவராகவே நின்று மூடினீர்கள். உதவிக்கு வந்த மகனையும் கிட்ட விடவில்லை.

அப்போதுதான் உங்கள் மகன் எனக்கு அந்தக் குழியின் கதையைச் சொன்னார். குண்டு விழுந்த அன்று நீங்கள் துறைமுகத்தில் இருந்தீர்களாம். ஓடி வந்து பார்த்தால் வீடு வெறுமையாம். அடுப்பில் சோறு கருகிக் கிடந்ததாம், வாசலில் ஒரு சின்னச் செருப்பாம். மாமியும் பிள்ளைகளும் சனத்தோடு சனமாகக் காட்டுக்குள் போய்விட்டது தெரியாமல் மூன்று நாள் தேடினீர்களாம். செத்தவர்களைக் கிடத்தியிருந்த இடத்திலும் தேடினீர்களாம். இதைக் கேட்டபின் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு நின்றேன். நீங்களாகவே சொன்னீர்கள்.

"ஒளிக்கிறதுக்கு மட்டும் வெட்டினதில்லை, பிள்ளை. ஏதும் நடந்தா உங்களை எங்க தேடுறதெண்டு எனக்குத் தெரிய வேணும். கிடங்கு மூடினா என்ன, இடம் இருக்குத்தானே."

அன்றிலிருந்து உங்கள் கதிரை அந்த இடத்துக்குப் போனது. வெளியே போன எல்லாரும் வீடு திரும்பியதும் அங்கே வந்து தலையைக் காட்ட வேண்டும். தலையைத் தொட்ட பிறகுதான் விடுவீர்கள். மீசை நரைக்கத் தொடங்கிய உங்கள் மகனுக்கும் விலக்கில்லை. பள்ளிக்கூடத்து வரவுப் பதிவு போல, இதற்கு 'மாமாவின் இடாப்பு' என்று பெயர் வைத்தவள் நான்தான். கடைசி ஆள் வரும்வரை சாப்பிட மாட்டீர்கள். நீங்கள் கண்மூடிய பிறகு கதிரையை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் கறிவேப்பிலை நட்டேன். நீங்களும் பிறகு உங்கள் மகனும் செத்துப்போன வீட்டில் பயமும் போய்விட்டது என்று நினைத்தேன். அது போகவில்லை, மாமா. என்னிடம்தான் இருந்திருக்கிறது.

இன்று காலை உங்கள் பேரன் தன் குழந்தைக்குப் பால்மா வாங்க சைக்கிளில் டவுனுக்குப் போனான். வேண்டாம் என்றேன். "அரை மணித்தியாலம்தானே அம்மா" என்றான். பத்து மணிபோல் டவுன் பக்கம் புகை எழும்பியது. முதலில் ஒன்று, பிறகு எத்தனை என்று பார்க்க நான் துணியவில்லை. தமிழரின் கடைகள் எரிகின்றன என்று ஓடி வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கையே மூட்டை கட்டிக்கொண்டு சல்லிக் கோயிலுக்குப் போகிறது. அந்தோனி அண்ணரின் மகள் படலையடியில் நின்று கெஞ்சினாள்.

"அன்ரி, வாங்கோ. இஞ்ச நிக்க ஏலாது."

மருமகளையும் குழந்தையையும் அவளோடு அனுப்பிவிட்டேன். நான் போகவில்லை. அவன் ஓடி வந்து பார்க்கும்போது வீடு வெறுமையாகக் கிடக்கக் கூடாது. நீங்கள் தேடியது போல அவனும் தேடக் கூடாது.

குழிக்குள் இருந்துதான் பழைய கொப்பியில் இதை எழுதுகிறேன். குந்தியிருந்தால் தலை வெளியே தெரியாதபடி அளவாகத்தான் வெட்டியிருக்கிறீர்கள். உங்கள் குற்றிகள் முதுகுக்கு உறுதியாக இருக்கின்றன. ஒழுங்கையில் இப்போது நாய்கூட இல்லை. கொப்பியை மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மணி மூன்றாகிவிட்டது. சோறு ஆக்கி மூடி வைத்திருக்கிறேன், எனக்கு இறங்காது. உங்கள் இடாப்பில் இன்னும் ஒருவன் வந்து தலையைக் காட்டவில்லை, மாமா. அவன் வரும்வரை நான் இந்த இடத்தை விட்டு எழும்ப மாட்டேன்.