இறாலுக்குள் பால்

12, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். லேப் ஏசி பேருக்கு ஓடுகிறது.

உறைய வைத்த இறாலில் பால் புரதம்! பெட்டியிலோ ‘பால் இல்லை’ என்று அச்சடித்தாகிவிட்டது. சோதனை கிட்டின் குழிகளில் பளிச்சென்று நீலம்; நீலம் என்றால் பால் இருக்கிறது. மேனேஜர் உடனே கீழே இறால் உரிக்கும் ஹாலுக்கு ஃபோன் போட்டார். மாலைக்குள் ஆளும் கிடைத்தாயிற்று: அங்கே உரிக்கும் மேரி அக்கா. தயிர்சாத டப்பாவோடு உள்ளே போனாராம். சஸ்பெண்ட்.

கேட் பக்கம் அக்காவைப் பார்த்தேன். “டப்பா லாக்கர்லதான் கண்ணு வெச்சேன். உன் மெஷினு என்னை ஏன் காட்டுது?”

எனக்கென்ன தெரியும்.

13, புதன்
ஒரு சந்தேகம். ஒப்பிட வைக்கும் குழியில் எப்போதும் வெறும் கரைசல்தான் ஊற்றுகிறோம். பால் படாத இறாலை வைத்துப் பார்த்ததே இல்லை. கிட் வந்த நாளிலிருந்து அதே பழக்கம், யாரும் கேட்டதில்லை.

வீட்டில் உரித்த இறாலை லேபுக்குக் கொண்டுபோய் கிட்டில் ஓட்டினேன். நீலம். ஆனால் உரித்த அதே அடுப்பு மேடையில்தான் காலையில் பால் பொங்கி வழிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் சிரிக்கிறார்: “இறாலு பால் குடிக்குதா இன்னா?”

சோப்பு, பல்பு வாங்கணும்.

14, வியாழன்
தூறல். மீன்காரம்மாவிடம் ஓட்டோடு இறால் வாங்கினேன். லேபிலேயே, புதுக் கையுறையில் உரித்தேன். இதுவும் நீலம்! பாலையே பார்க்காத இறால்.

சாற்றை நீர்க்க விட்டு மறுபடி ஓட்டினேன். பால் என்றால் நீர்த்த அளவுக்குத்தானே குறையணும்? நீலமே அடியோடு காணோம். அப்படியென்றால் பாலைப் பிடிக்க கிட்டில் வைத்திருக்கும் ஆன்டிபாடியில் இறாலின் சொந்தப் புரதம்தான் போய் ஒட்டிக்கொள்கிறதா? சரி என்று அந்த நீர்த்த சாற்றில் நானே அளந்து துளி பால் கலந்து பார்த்தேன். கலந்ததில் பாதிதான் காட்டுகிறது. இல்லாததைக் காட்டுவதும் இருப்பதை மறைப்பதும் ஒரே இறாலா? குழம்பிப் போயிருக்கிறேன். ஒன்று மட்டும் நிச்சயம். இதை வைத்து ஒருத்தரை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

15, வெள்ளி
காலையிலேயே மேனேஜரிடம் போனேன். முழுசாகக் கேட்கவில்லை.

“இன்னா சுமதி, தப்பு என்னுதுதான்னு அந்தம்மாவே எழுதிக் குடுத்துட்டாங்க. அப்போ டெஸ்ட்டு கரெக்டுதானே?”

கீழே ஓடினேன். மேரி அக்கா தலைக்கு வலை மாட்டிக்கொண்டிருந்தார்.

“ஒத்துக்கினா வேலைக்கு வரலாம்னாங்க கண்ணு. கைய சரியா கழுவல போல. மெஷினு பொய் சொல்லுமா?”

“சொல்லுதுக்கா. எந்த இறால வெச்சாலும் அப்டிதான் காட்டுது. உங்க மேல தப்பே இல்ல.”

“வுடு கண்ணு. இனிமே நான் தயிரே கட்டிக்கினு வரமாட்டேன்.”