நீ தர மறுத்த மரப்பட்டை

இன்று காலை சந்தனக் கல்லில் உன் மரத்துப் பட்டையை இழைத்தேன். வேலப்பன்சாவடியில் ஷேர் வேனிலிருந்து இறங்கும்போது என் வீட்டுக்காரருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. படம் எடுத்துப் பார்த்தாயிற்று, எலும்பில் ஒன்றுமில்லை, வீக்கம்தான். நாலு இழைப்பு இழைத்ததும் வாதுமைக் கசப்போடு வாசனை கிளம்பியது. "பாயசத்துக்கு பாதாம் அரைக்கிறியா?" என்று கூடத்திலிருந்து கேட்டார். காலுக்கு என்றதும் முகம் வாடிவிட்டது. நீ இருந்திருந்தால் இதற்கே அரை மணி நேரம் சிரித்திருப்பாய்.

திருவேற்காட்டில் எங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்த உத்தராகண்ட் மலைக்காரி நீ. உன் வீட்டுக்காரருக்கு ஆவடியில் வேலை. தமிழை உனக்குக் கற்றுக் கொடுத்தது கீரைக்காரம்மா. "இன்னாக்கா, தண்ணி வந்துகினு கீதா?" என்று ஒருநாள் கதவைத் தட்டினாய். இருபது வருஷம் இங்கே இருந்தும் என் வாயில் நுழையாத பேச்சு உனக்கு ஆறே மாதத்தில் வந்துவிட்டது.

ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்வரும்போதும் காட்டு செர்ரி மரத்தின் பட்டை கொண்டுவருவாய். ஆயுர்வேதப் புத்தகங்களில் பத்மகம் என்று நான் படித்திருந்தது அதுதான். உங்கள் ஊரில் அதைத் தெய்வ மரம் என்பார்கள், வெட்டமாட்டார்கள், கல்யாணப் பந்தலில் அதன் கிளையை வைப்பார்கள். நாங்கள் அரசாணிக்கால் நடுவதுபோல. "தானா ஒடிஞ்சு வுழுந்த கிளைலேர்ந்துதான் எட்த்துகினு வந்தேன்" என்று எனக்குச் சமாதானம் சொல்வாய். தெய்வ மரமாயிற்றே என்று நான் பட்டைக்குப் பொட்டு வைத்துப் பூஜை அறையில் வைத்தேன். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, சாமிக்குக் கால் வலியா?" என்றாய். அன்றைக்கு விளக்கேற்றும்போதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நம் சண்டையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. என் மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை நாள் தள்ளியதும் எனக்குத் தூக்கம் போயிற்று. கரு நிலைக்கப் பத்மகம் கொடுப்பதுண்டு என்று படித்திருந்தேன். உன்னிடம் பட்டை கேட்டேன்.

"காலுக்குப் பூசு, கைக்குப் பூசு. வயித்துல புள்ள கீறவளுக்குத் தரமாட்டேன். டாக்டராண்ட கேளு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மருந்துக் குறிப்பு நோட்டை எடுத்துவந்து படித்துக் காட்டினேன். பட்டைப் பற்று, யாருக்கு, எத்தனை நாள், சுளுக்கு இறங்கியது, உள்ளங்கை எரிச்சல் தணிந்தது, வேர்க்குரு அடங்கியது. நீ கடைசிவரை கேட்டாய்.

"நல்லா ஆனத மட்டும் எழுதி வச்சிகினு கீறியே, ஆவாதத எந்தப் பக்கத்துல எழுதுனே?"

தினமும் வரவும் செலவும் எதிரெதிரே எழுதுகிறவள் நான். நோட்டைப் பட்டென்று மூடினேன். கோபம் இன்னும் ஏறியது. ஒன்பது நாள் பேசவில்லை. கோயில் பொங்கலைக்கூட வீட்டுக்காரர் கையில்தான் கொடுத்தனுப்பினேன்.

பத்தாம் நாள் இரண்டு டம்ளர் டீயோடு வந்து அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாய். "நானும் குட்ச்சேன்க்கா. கல்யாணம் ஆன மறு வருஷம். மாமியா தெனம் காச்சிக் குட்த்தாங்க. நிக்கல." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய். "மரத்து மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா எந்த புக்கும் என்னிய வந்து கேக்கல பாரு."

மறுநாளே மகளை அழைத்துக்கொண்டு பூந்தமல்லியில் டாக்டரைப் பார்த்தோம். பட்டையை நீதான் பையில் எடுத்து வந்தாய். டாக்டரம்மா மோந்து பார்த்துவிட்டு, இப்போது இதைக் குடிக்கவே கூடாது என்றார். மாத்திரை, ஊசி, ஓய்வு என்று சீட்டு நிறைய எழுதினார். நான் அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன், நீ மாத்திரை நேரத்துக்குப் போன் அடித்தாய். மாசியில் பேத்தி பிறந்தாள். அவளைக் கையில் வாங்கி நீ சொன்ன முதல் வார்த்தை, "இன்னாம்மா, இவ்ளோ லேட்டா வரே?"

நீ ஊருக்கே திரும்பிய மறு வருஷம், ஐப்பசியில் கண்ணை மூடிவிட்டாய். உங்கள் மரம் பூக்கிற மாதம் என்று உன் வீட்டுக்காரர் போனில் சொன்னார். அன்று அழுதேன். அதற்கப்புறம் உன்னை நினைத்தால் சிரிப்புதான் முந்துகிறது.

போன வாரம் மேல்வீட்டுப் பெண் வந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஊர் மதுரைப் பக்கம், இங்கே சொந்தம் யாருமில்லை. "ஆன்ட்டி, நாள் தள்ளிப் போயிருக்கு. தலை சுத்துது. நீங்க ஏதோ மலைப்பட்டை வச்சிருக்கீங்களாமே, கஷாயம் போட்டுத் தருவீங்களா?"

முன்பென்றால், கேட்டார்களே என்ற பெருமைக்கே அடுப்பைப் பற்றவைத்திருப்பேன். "நாள் தள்ளியிருக்கறப்ப அதைக் குடிக்கக் கூடாதும்மா. உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, தெரிஞ்சவங்ககிட்டயே போவோம்" என்று ஆட்டோவில் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க அம்மாவா?" என்றார்.

"இல்லீங்க, கீழ் ஊடு" என்று சொல்லிவிட்டு, அவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.