அணையாமல் ஓடிய கம்ப்யூட்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே இந்த முறை பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா அம்மாடி? போனில் பேசிவிடலாம் என்று மூன்று தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன். கூரியரில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடுமாம். பதறாதே, இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. பதறிப்போய் உட்கார்ந்திருப்பது நான் ஒருவன்தான்.

வீட்டில் நெட் நகரமாட்டேன் என்கிறது என்று புலம்பிக்கொண்டே இருந்தேன் அல்லவா? என் பென்ஷன் சீட்டு ஒரே ஒரு பக்கம், அதை டவுன்லோடு செய்ய ஒரு காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ, அப்பா ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பிப்பாய், அப்படியே வாயைத் திறந்தபடி நின்றுவிடுவாய், திரும்ப வரும்போது ஒன்றுமில்லப்பா, சாப்பிட்டீங்களா என்பாய். நானும் விடவில்லை. மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டேன், பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்ததை அலமாரி மேல் ஏற்றினேன், புது வயர் வாங்கி மாற்றினேன், பாஸ்வேர்டையும் மாற்றினேன். மாடிவீட்டுக்காரர்தான் திருட்டுத்தனமாக நம் நெட்டை இழுக்கிறார் என்று நினைத்து ஒரு வாரம் அவருக்கு முகம்கொடுத்துப் பேசவில்லை, பாவம் மனுஷன், என்ன கோபம் சார் என்று அம்மாவிடம் கேட்டாராம். கடைசியில் செவ்வாய்க்கிழமை நெட்காரர் வந்தார். கம்ப்யூட்டரிலிருந்து வயரைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் செருகிப் பார்த்தார், பறந்தது. லைன் சுத்தம், உங்க கம்ப்யூட்டர்தான் எல்லாத்தையும் குடிக்குது என்றார். அதை நான் தினமும் அணைத்துவிட்டுத்தானே துணி போட்டு மூடுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் மேஜைக்கு அடியில் குனிந்து பெட்டியைத் தொட்டார், சுட்டது. பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறது. நீ வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து இரண்டரை வருஷமாக நான் அணைத்ததெல்லாம் திரையை மட்டும்தானாம்! முகப்பு விளக்கை அணைச்சிட்டு எஞ்சினை ஓடவிட்டிருக்கீங்க சார் என்று சிரித்தார். எஞ்சினை அணைக்காமல் டீ குடிக்கப் போகிற பையன்களை பஸ் டிப்போவில் எத்தனை திட்டு திட்டியிருப்பேன், எனக்கு மானமே போய்விட்டது.

அது போகட்டும். சும்மா ஓடினால் நெட்டைக் குடிக்காது, எதையோ இறக்குகிறது என்று அவர் தேடிப் பார்த்தார். நீ அங்கே சேமிக்கும் போட்டோக்கள் தானாக இங்கே வந்து சேரட்டும் என்று போகும்போது ஒரு ஃபோல்டர் வைத்துவிட்டுப் போனாயே, அதைத் திறந்தார். போட்டோ பத்து இருந்தால் வீடியோ ஆயிரம் இருக்கிறது, ஏழு மாதத்து வீடியோ, இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. ஒன்றை அழுத்தினார். கண்ணாடிக்கு முன்னால் சாலை, மழை, வைப்பர் ஆடுகிறது. சினிமாவா சார் என்று கேட்டார். அப்போது உன் இருமல் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் இருமல் எனக்குத் தெரியாதா? அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

உன் பொருளை உன்னைக் கேட்காமல் பார்த்தது தப்புதான், மன்னித்துவிடு, என்னால் நிறுத்த முடியவில்லை. இரண்டு நாள் அம்மாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். குளிர்சாதன அறையில் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், நீ பார்சல் வேன் ஓட்டிக்கொண்டிருக்கிறாய்! வேன் கண்ணாடியில் மாட்டிய கேமரா எடுப்பதெல்லாம் உன் போனில் சேர்ந்து, அங்கிருந்து தானாக இந்த ஃபோல்டருக்கு வந்து விழுந்திருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாயே பாப்பா. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினேன், என் முதுகு போனது போதும் என்றுதானே உன்னை ஸ்டியரிங்கைத் தொடவே விடவில்லை. எப்போது கற்றுக்கொண்டாய், யார் கற்றுக்கொடுத்தார்கள்? அம்மா முதலில் அழுதாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹாரன் அடிக்கிறதுகூட அப்படியே உங்களை மாதிரியே என்றாள். கோபமாகச் சொன்னாளா சிரித்துச் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை.

ஆனால் போன மாதம் பதினான்காம் தேதி வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மத்தியான வெயில், நேர் சாலை, வண்டி மெல்ல மெல்ல வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போகிறது. எதிரே லாரி. என் வலது கால் வீட்டுத் தரையை ஓங்கி மிதித்தது அம்மாடி, பிரேக் என்று நினைத்து. லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் நீ திருப்பினாய். ஓரமாக நிறுத்தி நீ அழுதது முழுக்கக் கேட்டது. கண் அசந்துவிட்டாய், இல்லையா? வண்டி ஓட்டுகிறவனுக்கு அது தெரியாமல் போகாது. பாட்டு வைத்தால் தூக்கம் போகாது, ஜன்னலைத் திறந்தாலும் போகாது, இருபது நிமிஷம் நிறுத்திக் கண்ணை மூடினால்தான் போகும். வளைவில் பிரேக்கைத் தாமதமாக மிதிக்கிறாய், முன்வண்டிக்கு ரொம்ப ஒட்டிப் போகிறாய். மற்றபடி குறை சொல்ல மாட்டேன். ஒரு பெரியவர் சாலையைக் கடக்கும் வரை ஹாரன் அடிக்காமல் நின்றாய், அதைப் பார்த்து அம்மாவுக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இன்னொன்றும் கேட்டேன். நான்கு சனிக்கிழமைகளில் சிக்னலில் நிற்கும்போது நீ தனியாகப் பேசுகிறாய். அப்பா ஒண்ணு சொல்லணும், ஆபீஸை மூடிட்டாங்க, வேன் ஓட்டுறேன், திட்டாதீங்க என்று. மறுநாள் வீடியோ காலில் அதைத்தான் ஆரம்பித்திருக்கிறாய், உன் வேன் படங்களே வரிசையாக வந்து லைனை அடைத்துக்கொண்டு உன்னைப் பேசவிடாமல் செய்திருக்கின்றன. என்ன கொடுமை இது! நெட்காரரை மறுபடி கூப்பிட்டு அந்த ஃபோல்டர் வருவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இப்போது நெட் ஜோராக ஓடுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை படம் நிற்காது. நீயே வாயால் சொல், நான் முதன்முதலாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்கிறேன். திட்ட மாட்டேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், போகிற பாதையெல்லாம் உனக்கு வழிவிட வேண்டும். அம்மாவின் முத்தங்களும் இதோடு வருகின்றன. கண் சொருகினால் ஓரமாக நிறுத்து, பார்சல் தாமதமாகப் போனால் போகட்டும், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வண்டியில் ஒருநாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் வர ஆசைப்படும்
அப்பா