ஒன்பதாவது ரீல்

கோடம்பாக்கம், சென்னை
16-7-1952

அத்தானுக்கு முத்துமீனாள் எழுதிக்கொண்டது.

நான் சுகம். அண்ணன் நல்லக்கண்ணுவும் மதினியும் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை பாத்திரக்கடையிலேயே பொழுதை ஓட்டுகிறீர்களா?

மூன்று வருஷமாக நான் போட்ட கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. போகட்டும், இதற்கு மட்டும் போடுங்கள். அவசரம்.

பத்து நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று வந்தவள்தான். அவன் ஆர்மோனியம் வாசிக்கிற ஸ்டூடியோவில் ஒரு நாள் குடம் தூக்கி நடக்க ஆள் வரவில்லை. நான் நடந்தேன், அப்படியே தங்கிவிட்டேன். அது நம் ஊருக்கே தெரிந்த கதை. இதுவரை பதினொரு படம் ஆயிற்று. எல்லாவற்றிலும் கதாநாயகிக்கு விசிறுவேன், தாம்பாளம் பிடிப்பேன், வாசலில் நின்று அழுவேன். நோட்டீசில் என் பெயர் ஒரே ஒரு தடவை வந்தது. அதுவும் மூக்குப்பொடி விளம்பரத்துக்குக் கீழே.

இப்போது ஒரு கம்பெனிக்காரர்கள் மூன்று வருஷ ஒப்பந்தத்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஆவணி பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டால் இடையில் ஊருக்கு வர முடியாது. போடவா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரவா? எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. மதினி என்னைப் பார்த்து, இவளுக்கு யாரோ காலில் சக்கரம் கட்டிவிட்டார்கள் என்கிறாள்.

ஆடித் தபசுக்கு நம் ஊர் டெண்டுக் கொட்டகையில் என் படம் போடுகிறார்களாம். அதில் எனக்கென்று ஒரு காட்சி இருக்கிறது, தாயாக வருகிறேன். போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு வா என்றால் வருகிறேன், வராதே என்றால் இருந்துகொள்கிறேன். என்ன காட்சி என்று சொல்ல மாட்டேன். பார்த்தால் உங்கள் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

முத்துமீனாள்


சங்கரன்கோவில்
6-8-1952

முத்துமீனாளுக்கு,

உன் கடிதம் வந்தது. தபசுக் கூட்டத்தில் கடையில் வியாபாரம் மும்முரமாக இருந்த நேரம். பையன்களிடம் விட்டுவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவானோ என்று, மணலில் கடைசி மூலையில் உட்கார்ந்தேன்.

நீ ஒரு தடவை குடத்தோடு வந்தாய். அதுவும் அலுமினியக் குடம், ராஜா வீட்டில். அப்புறம் ஒரு தடவை விசிறினாய். இடைவேளைக்கு அப்புறம் நீ வரவே இல்லை. முடிகிற மட்டும் இருந்து பார்த்தேன். தாயுமில்லை, பிள்ளையுமில்லை. என்னை வைத்து விளையாடுகிறாயா?

நீ மாறவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஆடியில்தானே, வடிவுக்குக் காய்ச்சல் இறங்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு கோயிலில் நூற்றெட்டு ஆடிச்சுற்று சுற்றப் போனாய்? நான் ஓடிவந்து உன் முதுகுக்குப் பின்னால் நின்று, “பிள்ளை போயிட்டாட்டி” என்று சொன்னேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. மிச்சச் சுற்றையும் சுற்றி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாய். கண்ணில் ஒரு சொட்டு கிடையாது. கூடச் சுற்றிய பெண்கள், நீ ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனாய் என்றார்கள். பெற்ற பிள்ளை செத்த தீட்டோடு சந்நிதியைச் சுற்றினாள் என்று ஊர் பேசிற்று. இவள் மனுஷிதானா என்று கேட்டவர்களுக்கு என்னால் இன்றைக்கும் பதில் சொல்ல முடியவில்லை.

வடிவு தண்ணீர் குடிக்கிற சின்னச் செம்பு இன்னும் மாடத்தில்தான் இருக்கிறது. பதினொரு படம் என்று எழுதத் தெரிந்த உனக்கு, ஒரு கடிதத்திலாவது அதைக் கேட்கத் தோன்றியதா? உன் இஷ்டம்போல் செய்துகொள்.

வைத்தியலிங்கம்


கோடம்பாக்கம்
10-8-1952

அத்தானுக்கு,

குடமும் விசிறியும்தானா உங்கள் கண்ணில் பட்டது? நான் உரலில் நெல் குத்திக்கொண்டிருக்கிறேன், ஒருவன் வந்து பிள்ளை போன சேதி சொல்லுகிறான், நான் குத்திக்கொண்டே இருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டா இப்படி எழுதினீர்கள்?

உலக்கையைப் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழு என்றுதான் டைரக்டர் சொன்னார். மாட்டேன் என்றேன். அழத் தெரியாதவளை எவன் கூட்டிவந்தான் என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரே ஒரு தடவை என் போக்கில் எடுத்துப் பாருங்கள் ஐயா என்று கெஞ்சி, அது எடுத்தது. எடுத்து முடித்த பிறகு அவர் அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

உங்களுக்காகத்தான் செய்தேன். உங்களுக்கே புரியவில்லை என்றால் இனி எனக்கு அங்கே என்ன இருக்கிறது? நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதற்குப் பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம்.

முத்துமீனாள்


சங்கரன்கோவில்
25-8-1952

முத்துமீனாளுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். என்னால் இருக்க முடியவில்லை.

உன் கடிதத்தில் உரல் என்று படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தியமாக நான் எந்த உரலையும் பார்க்கவில்லை. கொட்டகைக்கு ஓடினேன். அங்கே வெறும் குழிதான் கிடந்தது, டெண்டைப் பிரித்துச் சிவகிரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

கொட்டகை மேனேஜர் ஞானதுரை என்று ஒருத்தர். கேட்டால் சிரிக்கிறார். “தபசுக் கூட்டம்லா அண்ணாச்சி. விடிய விடிய நாலு ஆட்டம் ஓட்டணும். பாட்டும் சண்டையும் இல்லாத ரீலு ஒண்ணை எடுத்து வச்சிருவோம். ஒம்பதாவது ரீலு எப்பவும் அப்படித்தான். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல” என்றார்.

“நான் கேக்கேன்வே. இன்னைக்குப் போடும்” என்றேன். அவர் யோசித்தார். போட்டால்தான் எழுந்திருப்பேன் என்று மெஷின் ரூம் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். பொழுது சாய்கிற வரைக்கும் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

பார்த்தேன், முத்து. சேதி சொல்லுகிறவன் உன் பின்னால் நிற்கிறான். அன்றைக்கு நான் நின்ற இடம் அதுதான். இந்த மூன்று வருஷமும் நான் உன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். உலக்கை ஒரு தடவை மேலேயே நின்றது, அப்புறம் இறங்கிற்று. குத்து தப்பவில்லை. கை மாற்றும்போது மட்டும் உன் விரல்கள் உலக்கையைத் தேடின. நிறுத்தினால் அவள் போனது உண்மையாகிவிடும் என்று நீ பயந்து குத்துகிறாய். அன்றைக்குக் கோயிலிலும் இப்படித்தானா? நான் ஏன் ஒரு எட்டு முன்னால் வந்து உன்னைப் பார்க்கவில்லை?

கதாநாயகி ஒவ்வொரு பாட்டுக்கும் அழுதாள். ஒருவரும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தவில்லை. நீ வாய் திறக்கவில்லை, பெண்கள் பக்கத்தில் கைப்பிள்ளைகூடச் சிணுங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யாருய்யா இந்தப் பிள்ளை? நோட்டீசுல பேரையே காணோமே” என்று கேட்டார்.

“முத்துமீனாள். என் வீட்டுக்காரி” என்றேன். மூன்று வருஷமாக நான் வெளியில் சொல்லாத வார்த்தை அது. தலையில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். ஞானதுரை இனி அந்த ரீலை எடுப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். அடுத்த ஊர் கடையநல்லூராம், அங்கேயும் போய், போடுகிறார்களா என்று பார்க்கத்தான் போகிறேன்.

கையெழுத்துப் போட்டது நல்லதுதான். உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நான் வரலாமா என்று கேட்கிறேன். நீ பதில் போடுகிற வரைக்கும் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது.

இன்னொன்று கேட்க வேண்டும். நெல் குத்தும்போது உன் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. என்ன சொன்னாய்?

வைத்தியலிங்கம்


கோடம்பாக்கம்
30-8-1952

அத்தானுக்கு,

டைரக்டர் கேட்கவில்லை, கூட நடித்தவர்கள் கேட்கவில்லை, படம் பார்த்த ஒருத்தரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

வடிவு, வடிவு என்றுதான் சொன்னேன். கோயிலிலும் அதைத்தான் சொன்னேன். நீங்கள் வந்து சொன்ன பிறகு நான் எண்ணவே இல்லை, எத்தனை சுற்றினேன் என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவள் ரொம்ப தூரம் போய்விட மாட்டாள் என்று ஒரு நினைப்பு. வீட்டுக்கு வந்தால் நிறுத்த வேண்டியிருக்கும், அதனால்தான் உடனே வரவில்லை.

கையெழுத்துப் போட்டது போட்டதுதான், நான் அங்கே வருவதற்கில்லை. நீங்கள் வாருங்கள். என்றைக்கு என்று ஒரு கார்டு போட்டால் எழும்பூரில் அண்ணன் வந்து நிற்பான்.

அலுமினியக் குடத்துக்கு நீங்கள் கோபப்பட்டதைப் படித்து, அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். அதற்காகப் பித்தளைக் குடம் எதையும் சுமந்துகொண்டு வரவேண்டாம். மாடத்தில் இருக்கிற செம்பை மட்டும் எடுத்து வாருங்கள். கேட்கத் தைரியம் இல்லாமல்தான் இத்தனை நாள் கேட்கவில்லை. கறுத்துப் போயிருக்கும், கடைக்காரப் புத்தியில் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அவள் கை பட்டது, அப்படியே கொண்டு வாருங்கள்.

உங்கள் முத்து