பால்கனியிலிருந்து டாட்டா

செவ்வாய், இரவு

அக்கா குழந்தை மீனு பால்கனி கம்பி வழியாக எதைக் கீழே போட்டாலும் அதற்கு டாட்டா காட்டுவாள். நேற்று வரை சீப்பு, சாக்ஸ், என் ஜியாமெட்ரி பாக்ஸ். இன்று இஞ்சி தட்டும் குழவி. ஹவுஸ் ஓனர் கார் கண்ணாடியில் விரிசல். குழவியைப் போட்டதும் ஒரு குழவிதான் என்று ஜோக் அடிக்க வாய் வரை வந்தது. அக்கா முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

மாமாவோடு சண்டை போட்டு, அக்கா மீனுவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்ததிலிருந்தே ஓனருக்குப் பிடிக்கவில்லை. மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"மூணு பேருக்குத்தான் வீடு விட்டேன். யார் வேலை இது?"

"நான்தான் அங்கிள். சும்மா விளையாட்டுக்கு."

உடனே நம்பிவிட்டார். அப்பாவும் நம்பிவிட்டார்.

"பத்தாவது படிக்கிற பொண்ணாடி நீ? கழுதை!"

நான் செய்திருக்க மாட்டேன் என்று இரண்டு பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அதுதான் உறுத்துகிறது. மீனு மட்டும் ஓடிவந்து கன்னத்தில் எச்சில் முத்தம் வைத்தாள்.

சாப்பிட்டபின் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்குடி எங்களுக்காகத் திட்டு வாங்கினே? வடபழனியில ரூம் பார்த்தாச்சு. ஞாயித்துக்கிழமை கிளம்புறோம்."

மீனு இப்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். ஞாயிறன்று ஆட்டோவிலிருந்து சிரித்துக்கொண்டே டாட்டா காட்டுவாள். அன்று பால்கனியில் நிற்கப்போவது நான்.